விண்டோஸ் ‘ஆக்டிவ்’ என்று காட்டினால் லைசென்ஸ் இருக்கிறது என்று அர்த்தமா? புது கம்ப்யூட்டர் வாங்குவோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் புதிதாக ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிராசஸர், மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, கேபினட் என்று வரிசையாக விலை எழுதிய கொட்டேஷன் கையில் இருக்கிறது. அதில் விண்டோஸ் என்று ஒரு வரியே இல்லை. கேட்டால், “அது நாங்களே போட்டுத் தந்துடுவோம் சார், ஃப்ரீ” என்று பதில் வருகிறது. வீட்டுக்கு வந்து ஆன் செய்தால் எல்லாம் ஓடுகிறது. செட்டிங்ஸில் ‘ஆக்டிவ்’ என்றும் காட்டுகிறது.

அப்போ, அந்த விண்டோஸ் உங்களுடையதுதானே?

அவசியம் இல்லை. ஆக்டிவேஷன் வேறு, லைசென்ஸ் வேறு. இந்த வித்தியாசம் தெரியாததால் இரண்டு பக்கமும் நஷ்டம் வருகிறது. சிலர் லைசென்ஸே இல்லாமல், இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வேறு சிலரோ லேப்டாப் விலையோடு சேர்த்து வாங்கிய லைசென்ஸ் அந்த மெஷினுக்குள்ளேயே இருக்க, ‘ஆக்டிவேட் ஆகவில்லை’ என்ற ஒரு செய்தியைப் பார்த்துவிட்டு மறுபடியும் காசு கொடுக்கிறார்கள். ஃப்ரீலான்ஸ் வேலை செய்பவர்களுக்கும் சிறிய ஸ்டார்ட்அப் நடத்துபவர்களுக்கும் இது பணத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. சட்டமும், கிளையன்ட்டின் தகவல் பாதுகாப்பும் இதில் இருக்கின்றன.

நீங்கள் உண்மையில் வாங்குவது எதை?

கடையில் ஒரு கீபோர்டு வாங்கினால் அது உங்கள் சொத்து. விண்டோஸ் அப்படி இல்லை. அதன் காப்புரிமை மைக்ரோசாஃப்ட்டிடமே இருக்கிறது. நீங்கள் வாங்குவது அதைப் பயன்படுத்தும் அனுமதியை மட்டும். அந்த அனுமதிதான் லைசென்ஸ். எந்த கம்ப்யூட்டரில், எத்தனை கம்ப்யூட்டரில், நாளைக்கு வேறொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்பதெல்லாம் அதன் நிபந்தனைகள். இன்ஸ்டால் செய்யும்போது படிக்காமலேயே ‘அக்செப்ட்’ அழுத்துகிறோமே, அந்த நீண்ட ஒப்பந்தத்தில் இருப்பது இதுதான்.

இதை விளக்கிய முக்கியமான தீர்ப்பு ஒன்று பெங்களூரு நிறுவனம் ஒன்றின் வழக்கில்தான் வந்தது. இன்ஜினியரிங் அனாலிசிஸ் சென்டர் ஆஃப் எக்ஸலன்ஸ் என்ற அந்த நிறுவனம், தன் சொந்தப் பயன்பாட்டுக்காக அமெரிக்காவிலிருந்து நேரடியாக மென்பொருள் வாங்கியது. அதற்குக் கொடுத்த பணம் ‘ராயல்டி’, அதில் வரி பிடித்தம் செய்திருக்க வேண்டும் என்றது வருமான வரித்துறை. 2011-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் வரித்துறையின் பக்கம் நின்றது. 2021 மார்ச் 2-ம் தேதி உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. கடைசியில் பயன்படுத்துபவருக்குக் கிடைப்பது மென்பொருளைப் பயன்படுத்தும் உரிமை மட்டுமே. காப்புரிமையின் எந்தப் பகுதியும் அவருக்குக் கைமாறுவதில்லை, ஆகவே அது ராயல்டி அல்ல என்பது தீர்ப்பின் சாரம். நாவல் ஒன்றை வாங்குபவர் அதைப் படிக்கலாம். அச்சடித்து விற்கும் உரிமை அவருக்கு வந்துவிடாது, இல்லையா? அதே கதைதான்.

வழக்கு வரி பற்றியது. ஆனால் அதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் எளிது: விண்டோஸ் ஃபைல்கள் உங்கள் எஸ்எஸ்டியில் இருப்பதாலேயே அனுமதி இருப்பதாக ஆகிவிடாது.

அப்படியானால் ஆக்டிவேஷன் எதற்கு?

அனுமதி இருக்கிறதா என்று சரிபார்ப்பதற்கான ஏற்பாடு அது. 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோதுதான் வீட்டு கம்ப்யூட்டர்களுக்கான விண்டோஸில் ஆக்டிவேஷன் என்ற படி நுழைந்தது. அதற்கு முன் ஒரே சிடி, ஒரே கீ, தெரு முழுக்க இன்ஸ்டலேஷன் என்பது சர்வசாதாரணம்.

இப்போது நடப்பது இது. 25 எழுத்து கீயும், உங்கள் ஹார்டுவேரிலிருந்து உருவாகும் ஓர் அடையாளமும் மைக்ரோசாஃப்ட் சர்வருக்குப் போகின்றன. சர்வர் ஒப்புக்கொண்டால், ‘இந்த மெஷினுக்கு இந்த எடிஷன்’ என்று அங்கே பதிவாகிவிடும். இதைத்தான் ‘டிஜிட்டல் லைசென்ஸ்’ என்று செட்டிங்ஸ் காட்டுகிறது. அந்த ஹார்டுவேரில், குறிப்பாக மதர்போர்டில், பெரிய மாற்றம் இல்லாதவரை எத்தனை முறை ஃபார்மேட் செய்தாலும் இன்டர்நெட் வந்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகும்.

பெங்களூருவில் அபார்ட்மெண்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதைச் சொன்னால் சட்டென்று புரியும். கேட்டில் செக்யூரிட்டி ஓடிபி கேட்கிறார். சொன்னதும் உள்ளே விடுகிறார். அதனால் அந்த வீட்டுக்கு உங்களிடம் வாடகை ஒப்பந்தம் இருப்பதாக ஆகிவிடுமா? யாரோ ஒருவரின் ஓடிபியைச் சொல்லியும் உள்ளே போகலாம். முறையான ஒப்பந்தம் இருந்தும், ஆப்பில் பெயர் ஏறாததால் கேட்டிலேயே நிற்கவும் நேரலாம். ஆக்டிவேஷன் கேட் மாதிரி. லைசென்ஸ் ஒப்பந்தம் மாதிரி.

லைசென்ஸில் எத்தனை வகை?

மூன்று வகைகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று, ஓஇஎம். கம்ப்யூட்டரைத் தயாரிக்கும் நிறுவனமோ, அசெம்பிள் செய்து தருபவரோ மெஷினோடு சேர்த்துத் தருவது. விலை குறைவு. ஆனால் முதலில் போடப்பட்ட மெஷினோடு அதன் ஆயுள் கட்டப்பட்டிருக்கும். லேப்டாப் போனால் லைசென்ஸும் போகும்.

இரண்டு, ரீடெய்ல். நீங்கள் தனியாக வாங்குவது. விலை அதிகம். ஆனால் பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதில் போட்டுக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் ஒரு மெஷின் என்பதுதான் கணக்கு.

மூன்று, வால்யூம். கம்பெனிகள், கல்லூரிகள், அரசு அலுவலகங்கள் மொத்தமாக ஒப்பந்தம் போட்டு வாங்குவது. இது தனிநபருக்கு விற்கப்படுவதில்லை. உங்கள் சொந்த கம்ப்யூட்டரில் ‘எண்டர்பிரைஸ்’ எடிஷன் இருந்து, அது ‘ஆக்டிவ்’ என்றும் காட்டினால், முதலில் எழ வேண்டிய சந்தேகம் இதுதான்: எந்த நிறுவனத்தின் அனுமதியில் இது ஓடுகிறது?

பிராண்டட் லேப்டாப் வாங்கினால் கீ எங்கே இருக்கும்?

பழைய லேப்டாப்களின் அடியில் கீ அச்சிட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து பெரிய தயாரிப்பாளர்கள் அந்தக் கீயை மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே எழுதிவிடுகிறார்கள். இன்ஸ்டலேஷன் நடக்கும்போது விண்டோஸ் அதைத் தானாகவே படித்துக்கொள்ளும். கீயை எங்கும் குறித்துவைக்க வேண்டியதில்லை. எஸ்எஸ்டியை மாற்றினாலும், முழுசாக அழித்தாலும் அது போகாது.

பிரச்சினை வருவது எடிஷன் மாறும்போது. இந்தியாவில் விற்கும் பல லேப்டாப்களில் இருப்பது ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ எடிஷன். லேப்டாப் மெதுவாகிவிட்டதென்று சர்வீஸுக்குக் கொடுக்கிறீர்கள். அவர் ஃபார்மேட் செய்து, கையில் இருக்கும் பென்டிரைவிலிருந்து ‘ப்ரோ’ எடிஷனைப் போட்டுவிடுகிறார். ஃபர்ம்வேரில் இருக்கும் ஹோம் கீ ப்ரோவுக்குப் பொருந்தாது. ஆக்டிவேட் ஆகவில்லை என்ற செய்தி வருகிறது. “லைசென்ஸ் போயிடுச்சு சார், புதுசா போடணும்” என்று உங்களிடம் சொல்லப்படும். அல்லது உங்களிடம் சொல்லாமலேயே ஒரு கிராக் ஏற்றப்படும். இரண்டுமே தேவையில்லை. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இன்ஸ்டலேஷன் மீடியாவை இலவசமாக இறக்கி, லேப்டாப்போடு வந்த அதே எடிஷனைப் போட்டால் கீ கேட்காமலேயே ஆக்டிவேட் ஆகிவிடும். சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் செட்டிங்ஸில் எடிஷன் பெயரை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே எடிஷனைத்தான் திரும்பப் போட வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் எழுதியும் கொடுங்கள்.

இந்த சிங்கிள் லாங்குவேஜ் எடிஷன் பற்றி இன்னொன்று. விண்டோஸின் மெனுக்களைத் தமிழுக்கு மாற்ற முயலும்போது, உங்கள் லைசென்ஸ் ஒரே ஒரு மொழியைத்தான் அனுமதிக்கிறது என்ற செய்தி வரலாம். அது கோளாறு இல்லை, அந்த எடிஷனின் நிபந்தனை. தமிழில் டைப் செய்வதற்கும் படிப்பதற்கும் எந்தத் தடையும் கிடையாது.

ஆபீஸ் தொகுப்பும் லேப்டாப்போடு வந்திருந்தால், அதை மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் சேர்க்கக் காலக்கெடு உண்டு. முதல் வாரத்திலேயே, அலுவலக ஐடியில் இல்லாமல் உங்கள் சொந்த ஐடியில் சேர்த்துவிடுங்கள். கூடவே எடிஷன் பெயரையும் பாருங்கள். உதாரணத்துக்கு ‘ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் 2021’ வணிகப் பயன்பாட்டுக்கானது அல்ல. அதில் கிளையன்ட்டுக்கு இன்வாய்ஸ் தயார் செய்தால் நிபந்தனையை மீறுகிறீர்கள். விண்டோஸ் ஹோமுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, தொழிலுக்கும் பயன்படுத்தலாம்.

‘ஃப்ரீயா போட்டுத் தர்றோம்’ என்பதன் பின்னால் என்ன இருக்கிறது?

ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் உள்ள கம்பெனியில் ஒவ்வொன்றுக்கும் கீ அடித்துக்கொண்டிருக்க முடியாது. அதற்காக கேஎம்எஸ் என்ற முறையை மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கிறது. கம்பெனிக்குள் ஒரு சர்வர் இருக்கும். ஊழியர்களின் கம்ப்யூட்டர்கள் அதனிடம் பேசி ஆக்டிவேட் ஆகும். குறைந்தது 25 கம்ப்யூட்டர்கள் கேட்டால்தான் அது விண்டோஸ் கிளையன்ட்டுகளை ஆக்டிவேட் செய்யும். ஒருமுறை செய்தால் 180 நாள் செல்லும். இடையில் 7 நாளுக்கு ஒருமுறை கம்ப்யூட்டர் தானாகவே சர்வரைத் தொடர்புகொண்டு அதைப் புதுப்பித்துக்கொள்ளும்.

பிரபலமான பல கிராக் கருவிகள் செய்வது இந்தச் சர்வரைப் போல் நடிப்பதுதான். உங்கள் கம்ப்யூட்டர் தான் ஏதோ ஒரு கம்பெனிக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஆக்டிவேட் ஆகிறது. அலுவலக லேப்டாப்பை ரொம்ப நாள் விபிஎன்-னில் இணைக்காமல் வைத்திருந்தால் ‘ஆக்டிவேஷன் காலாவதியாகிறது’ என்று வருவதற்கும் காரணம் இந்த 180 நாள் கணக்காக இருக்கலாம்.

சட்டத்தை விடுங்கள், பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இந்தக் கருவிகளை இறக்கும் பக்கங்கள் முதலில் சொல்வது, ‘ஆன்டிவைரஸை ஆஃப் செய்யுங்கள்’. கேட்கப்படுவது அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி. அதாவது காவலை நீங்களே விலக்கி, வீட்டுச் சாவி முழுவதையும் தெரியாதவர் கையில் கொடுக்கிறீர்கள். 2021 டிசம்பரில் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம், கேஎம்எஸ்பிகோ என்ற கருவியின் போலி இன்ஸ்டாலர்கள் வழியாக ‘கிரிப்ட்பாட்’ பரவுவதைக் கண்டறிந்து வெளியிட்டது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் கிரிப்டோ வாலட் விவரங்களையும் திருடும் மால்வேர் அது. அந்தக் கம்ப்யூட்டரில்தான் உங்கள் நெட்பேங்கிங்கும், கிளையன்ட்டின் கிளவுட் லாகின்களும் இருக்கின்றன என்றால்? மிச்சமான சில ஆயிரம் ரூபாய்க்கு இது மிக அதிக விலை.

இது எங்கேயோ ஓரிருவர் செய்வதும் அல்ல. மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பிஎஸ்ஏ 2018-ல் வெளியிட்ட ஆய்வின் கணக்குப்படி, 2017-ல் இந்தியாவில் கம்ப்யூட்டர்களில் போடப்பட்ட மென்பொருள்களில் 56 சதவீதம் லைசென்ஸ் இல்லாதவை. பிஎஸ்ஏ விற்பவர்களின் அமைப்பு என்பதை நினைவில் வைத்தே இந்த எண்ணைப் படிக்க வேண்டும். அதிலிருந்து பாதியைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் சிறிய எண் இல்லை.

ஆன்லைனில் 300 ரூபாய்க்குக் கிடைக்கும் கீயை வாங்கலாமா?

கிராக் வேண்டாம், காசு கொடுத்தே வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் சிக்கும் இடம் இது. மைக்ரோசாஃப்ட் இந்தியா தளத்தில் பல ஆயிரம் ரூபாய் போட்டிருக்கும் ‘ப்ரோ’ கீ, வேறு தளங்களில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. எப்படி? கம்பெனிகளுக்குக் கொடுத்த வால்யூம் கீகள், மாணவர்களுக்கும் டெவலப்பர்களுக்கும் கொடுத்த கீகள், உடைத்து விற்கப்பட்ட பழைய கம்ப்யூட்டர்களின் ஓஇஎம் கீகள் எனப் பல வழிகளில் இவை சந்தைக்கு வருகின்றன. ஒரே கீ பலருக்கு விற்கப்படுவதும் உண்டு.

போட்டதும் ஆக்டிவேட் ஆகும். விற்றவருக்கு ஐந்து நட்சத்திர ரிவ்யூவும் கிடைத்துவிடும். சில மாதங்கள் கழித்து அந்தக் கீ முடக்கப்பட்டால், விற்றவரைத் தேட முடியாது.

சில அடையாளங்கள் சொல்கிறோம். கீயைப் போட்ட பிறகு ‘இன்ஸ்டலேஷன் ஐடியை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், நாங்கள் கன்ஃபர்மேஷன் ஐடி தருகிறோம்’ என்று சொன்னால், அந்தக் கீயை ஆன்லைனில் நேராக ஆக்டிவேட் செய்ய முடியவில்லை, பெரும்பாலும் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்று பொருள். ஜிஎஸ்டி பில் தர மறுத்தால் சந்தேகமே வேண்டாம். ‘லைஃப்டைம்’ என்று பெரிய எழுத்தில் போட்டு, ஓஇஎம்-ஆ ரீடெய்லா என்று சொல்லாமல் விட்டிருந்தாலும் விலகிவிடுங்கள்.

“எங்கிட்ட பழைய விண்டோஸ் 7 கீ இருக்கே, அதைப் போட்டா 11 ஆக்டிவேட் ஆகும்னு சொன்னாங்களே?” பல வருடங்கள் அது நடந்தது உண்மை. 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அந்த வழியை மூடிவிட்டது. விண்டோஸ் 10-க்கான முறையான லைசென்ஸ் இருந்தால், ஹார்டுவேர் தகுதியுள்ள அதே கம்ப்யூட்டரில் 11-க்கு இலவசமாக மாறலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டதால், புது மெஷினில் 10-ஐப் போட்டுத் தருவதாக யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது எது என்று எப்படிப் பார்ப்பது?

செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தால் எடிஷனும் நிலையும் தெரியும். அதோடு நிறுத்தாமல் இன்னும் இரண்டு சோதனைகள் செய்யலாம்.

விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு சிறிய பெட்டி வரும். அதில் ஆங்கிலத்தில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து எழுத்துகளை ஒட்டி அடித்து, ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்கோடு போட்டு, அதை ஒட்டி எக்ஸ், பி, ஆர் என்று அடித்து என்டர் தட்டுங்கள். நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா, அல்லது குறிப்பிட்ட தேதியில் காலாவதியாகுமா என்று சொல்லும். சொந்த கம்ப்யூட்டரில் ‘வால்யூம் ஆக்டிவேஷன் இந்தத் தேதியில் முடியும்’ என்று வந்தால், அது உங்களுக்கு விற்கப்பட்ட லைசென்ஸ் இல்லை.

அடுத்து, கடைசி மூன்று எழுத்துகளுக்குப் பதிலாக டி, எல், ஐ என்று அடியுங்கள். எந்தச் சேனல் என்று காட்டும். பிராண்டட் லேப்டாப்பில் ‘ஓஇஎம் டிஎம்’ என்று வருவது இயல்பு. ‘வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட்’ அல்லது ‘வால்யூம் எம்ஏகே’ என்று வந்தால் கடைக்காரரிடம் விளக்கம் கேட்க வேண்டியதுதான்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இந்தச் சோதனைகள் தவறைக் காட்டிக்கொடுக்கும், சரியென்று நிரூபிக்காது. நிரந்தர டிஜிட்டல் லைசென்ஸ் என்றே காட்டும்படி செய்துவிடும் கள்ளக் கருவிகளும் இருக்கின்றன. ஆகவே, திரையில் தெரிவது சான்று இல்லை. லைசென்ஸுக்குச் சான்று பில், அசெம்பிள்டு கம்ப்யூட்டரானால் மைக்ரோசாஃப்ட்டின் ஒரிஜினல் லேபிள், ஆன்லைனில் வாங்கியிருந்தால் ஆர்டர் விவரம். நாளைக்கு ஆடிட் வந்தால் கேட்கப்படுவதும் இவைதான்.

மதர்போர்டு மாற்றினால் லைசென்ஸ் என்னவாகும்?

ராம், எஸ்எஸ்டி மாற்றினால் பொதுவாக ஒன்றும் ஆகாது. மதர்போர்டு மாறினால் மைக்ரோசாஃப்ட் அதைப் புது கம்ப்யூட்டராகவே பார்க்கும். ரீடெய்ல் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே விண்டோஸை மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டோடு இணைத்து வைத்திருந்தால் வேலை சுலபம். மாற்றிய பிறகு ஆக்டிவேஷன் பக்கத்தில் ‘ட்ரபிள்ஷூட்’ அழுத்தி, ‘சமீபத்தில் ஹார்டுவேரை மாற்றினேன்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

பிராண்டட் லேப்டாப்பில் பழுதான மதர்போர்டை தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டரில் மாற்றும்போது, லைசென்ஸ் தொடர வேண்டும். புது போர்டில் கீயை எழுதித் தருவது அவர்கள் வேலை. மெஷினை வாங்கிக்கொண்டு கிளம்பும் முன் அங்கேயே இன்டர்நெட்டில் இணைத்து, ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். நீங்களாகவே டெஸ்க்டாப்பில் இன்னும் வேகமான மதர்போர்டு போட்டுக்கொண்டால், பழைய ஓஇஎம் லைசென்ஸ் கூடவே வராது.

கம்பெனியிலிருந்து வந்த லேப்டாப்பை வாங்கலாமா?

வேலையை விடும்போது லேப்டாப்பைக் குறைந்த விலைக்கு நீங்களே எடுத்துக்கொள்ளச் சொல்லும் கம்பெனிகள் இருக்கின்றன. கம்பெனிகள் கழித்த லேப்டாப்கள் செகண்ட் ஹேண்டிலும் நிறைய வருகின்றன. அதில் ஓடும் எண்டர்பிரைஸ் எடிஷன் கம்பெனியின் ஒப்பந்தத்தைச் சேர்ந்தது, உங்களோடு வராது. ஆனால் நல்ல செய்தி ஒன்று உண்டு. இந்த மெஷின்கள் பெரும்பாலும் ப்ரோ லைசென்ஸோடு வாங்கப்பட்டவை. அந்தக் கீ ஃபர்ம்வேரில் இருந்தால், ப்ரோவைப் புதிதாகப் போட்டதும் ஆக்டிவேட் ஆகிவிடும்.

பணம் கொடுக்கும் முன் இன்னொன்றையும் சோதியுங்கள். முழுசாக ரீசெட் செய்து, வைஃபையில் இணைத்து, முதல் திரைகளைக் கடந்து பாருங்கள். பழைய கம்பெனியின் பெயரோடு லாகின் திரை வந்தால், அந்த மெஷின் இன்னும் அவர்கள் பதிவேட்டில் இருக்கிறது. மேக்புக்கிலும் இதே கதைதான். கம்பெனியின் ஐடி பிரிவு தன் பட்டியலிலிருந்து நீக்கினால் ஒழிய வேறு முறையான வழி கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தில் 1994-ல் சேர்க்கப்பட்ட 63பி பிரிவு நேரடியாகப் பயன்படுத்துபவரைப் பற்றியது. திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளை கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால், 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தவில்லை என்றால், தகுந்த காரணங்களைப் பதிவு செய்து சிறைத் தண்டனையை நீதிமன்றம் தவிர்க்கலாம். 50,000 ரூபாய் வரை அபராதம் மட்டும் விதிக்கலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது ‘தெரிந்தே’ என்பதும் ‘தொழிலுக்காக’ என்பதும். வீட்டில் படம் பார்ப்பவருக்கும், அதே கம்ப்யூட்டரில் கிளையன்ட் வேலை செய்து பில் போடுபவருக்கும் சட்டத்தின் பார்வை ஒன்றல்ல. பத்து பேர் வேலை செய்யும் உங்கள் ஸ்டார்ட்அப்பில் எல்லா மெஷினிலும் கிராக் இருந்தால், ‘கடைக்காரர் போட்டுத் தந்தார்’ என்ற பதில் ரொம்ப தூரம் போகாது.

கடைக்காரரும் தப்ப முடியாது. விற்கும் கம்ப்யூட்டரில் லைசென்ஸ் இல்லாத மென்பொருளை ஏற்றித் தருவதற்கு ‘ஹார்டு டிஸ்க் லோடிங்’ என்று பெயர். அப்படி ஏற்றி விற்ற நிறுவனத்துக்கு எதிராக மைக்ரோசாஃப்ட் தொடர்ந்த வழக்கில், 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் 19.75 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

லைசென்ஸ் வாங்க பட்ஜெட் இல்லை. வேற வழியே இல்லையா?

இருக்கிறது. டிஓஎஸ் அல்லது உபுண்டு போட்ட லேப்டாப்கள் விண்டோஸ் உள்ளவற்றைவிட விலை குறைவாகக் கிடைக்கின்றன. உபுண்டு, டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளில் கீயும் கிடையாது, ஆக்டிவேஷனும் கிடையாது. எத்தனை மெஷினில் வேண்டுமானாலும் போடலாம், நண்பருக்கு நகல் எடுத்துக் கொடுக்கலாம். அவற்றின் லைசென்ஸே அதை அனுமதிக்கிறது. கோடிங், பிரவுசர் வழியாகச் செய்யும் வேலைகள், லிப்ரேஆபீஸில் ஆவணங்கள் என்றால் இது தாராளமாகப் போதும்.

உங்களில் சிலருக்கு இது புதிதும் அல்ல. 2011-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு ‘பாஸ் லினக்ஸ்’ என்று ஒன்றும் இருந்ததே, நினைவிருக்கிறதா? சென்னை சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் அது.

ஆனால் டாலி, ஃபோட்டோஷாப் போன்றவை லினக்ஸில் நேரடியாக ஓடாது. அவைதான் உங்கள் பிழைப்பு என்றால், டிஓஎஸ் லேப்டாப் வாங்கிவிட்டுப் பிறகு விண்டோஸைத் தனியாக ரீடெய்லில் வாங்குவது கையைக் கடிக்கும். லேப்டாப்போடு சேர்ந்து வரும் ஓஇஎம் லைசென்ஸ்தான் அப்போது மலிவு.

வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்?

கொட்டேஷன் கேட்கும்போதே விண்டோஸுக்குத் தனி வரி போடச் சொல்லுங்கள். எந்த எடிஷன், ஓஇஎம்-ஆ ரீடெய்லா, விலை என்ன என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். விண்டோஸ் வேண்டாம் என்றால், ‘இயங்குதளம் இல்லாமல்’ என்று எழுதி வாங்கி, வீட்டில் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். வரியே இல்லாமல் விண்டோஸ் மட்டும் வருகிறது என்றால், அது எங்கிருந்து வருகிறது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

பில்லில் எடிஷன் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஸ்கேன் செய்து மெயிலில் வைத்துக்கொள்ளுங்கள். பில் தாளில் எழுத்து ஆறு மாதத்தில் மங்கிவிடும்.

லைசென்ஸ் உண்டு என்று பில் போட்டுவிட்டுப் போலியாகக் கொடுத்திருந்தால், முதலில் கடைக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வாங்கிய பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை இருக்கும் ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை; நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். எஸ்.பி. ரோட்டில் வாங்கி ஓசூரில் குடியிருப்பவர் கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையத்திலேயே மனு போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.